மேல்மாடிக்கு ஏறாத சிக்னல்

"மேல்மாடிதான் நமக்கு நல்லது லெட்சுமி. நல்ல வெளிச்சம். காலையில ஜன்னலைத் திறந்தா மலையெல்லாம் பக்கத்துல வந்து நிக்கும்."

"சரி. மழை நேரத்துல கீழ போகணும்னா?"

"வெளிப்பக்கமா படி இருக்கே."

"மாடி வீடுன்னா உள்ளயும் ஒரு படி இருக்கும்ல?"

"இருக்கு. அதாவது, இருந்தது. அம்மாவுக்கு மூச்சிழுப்பு வருத்தம். அந்தப் படியால குளிர் இறங்குதுன்னு அப்பா அடைச்சிட்டார்."

"எப்ப அடைச்சாரு?"

சஞ்சயன் ரயில் வரும் திசையைப் பார்த்தான். "போன மாசம்."

"நம்ம விசயத்த வீட்டுல சொன்னதும் போன மாசம்தானே?"

"ம்."

"குளிரு எங்க லிந்துலைத் தோட்டத்துல இருந்து வருதுன்னு நெனச்சிட்டாரு போல."

ஹட்டன் ஸ்டேஷன் மேடையில் அன்றைக்கு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கல்யாணம் ஆகாதவர்களுக்கு எல்லாமே சிரிப்பாகத்தான் இருக்கும். "ஒரு வருசத்துல எல்லாம் சரியாயிடும்" என்று சஞ்சயன் சொன்னான். நாகலெட்சுமியும் நம்பினாள்.

வருஷம் ஒன்றல்ல, இரண்டு போய்விட்டது. சஞ்சயன் டோஹாவில் வேலைக்குப் போய்விட்டான். நாகலெட்சுமி ஹட்டன் டவுனுக்கு மேலே அந்த மாடி வீட்டில், மழை தூறுகிற ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், வெளிப்படியின் அடிக்கட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாவாடை நனையாமல் கீழே ஒரு பொலித்தீன் விரிப்பு. மடியில் லெப்டொப். திரையில் அவளுடைய கணவன், வாயைத் திறந்தபடியே அசையாமல் நின்றிருந்தான்.

"மறுபடி நின்னுட்டீங்க. வாயை மூடிட்டு நின்னாலாவது பாக்க நல்லா இருக்கும்."

கொஞ்சம் கழித்து வாய் அசைந்தது. "...கேக்குதா? இப்ப கேக்குதா?"

"கேக்குது. கொஞ்சம் இருங்க, ஜன்னல் பக்கமா நகர்ந்துக்கிறேன்."

டோஹாவுக்குப் போகுமுன் சஞ்சயன்தான் வீட்டுக்கு இணைய இணைப்பு எடுத்துக் கொடுத்தான். டெலிபோன் மாமனார் மாமியார் இருக்கும் கீழ்வீட்டுக் கூடத்தில் இருந்ததால் ரவுட்டரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. கீழே எங்கே நின்றாலும் நாலு கோடும் காட்டும். மேலே போனால் ஒரு கோடு. அதுவும் விக்கி விக்கித்தான். நடுவில் இருப்பது பழைய காலத்துக் கொங்கிரீட் தளம், யானை நடந்தாலும் கீழே சத்தம் வராது. ஆகவே, கூடத்து ஜன்னல் வழியாகக் கசிந்து வருகிற சிக்னலைப் பிடிக்க அவள் வெளிப்படிக்கு வந்து உட்கார வேண்டியிருந்தது. கீழ்வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேசக்கூடாதென்று யாரும் சொல்லவில்லை. பேசலாமென்றும் யாரும் சொல்லவில்லை.

அந்த வீட்டில் யாரும் அவளைத் திட்டியது கிடையாது. மாமனார் துரைராசா மரியாதையான மனிதர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இளவயதில் ஆசிரியராக மலைநாட்டுக்கு வந்து, கல்வி அதிகாரியாகி ஓய்வு பெற்றவர். நாகலெட்சுமி தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது ஒரு பரிசளிப்பு விழாவில் அவர் பேசியதைக் கேட்டிருக்கிறாள். "தோட்டத்துப் பிள்ளைகளே, படியுங்கள், மேலே வாருங்கள்" என்று மேசையைத் தட்டிச் சொன்னார். அவளும் படித்தாள். விஞ்ஞான ஆசிரியையும் ஆனாள். மேலேயும் வந்தாள். அது சரியாக அவருடைய தலைக்கு நேர் மேலே வந்து முடியும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

பொங்கலுக்கு மேலே பொங்கல் வரும், தூக்குச்சட்டியில். தீபாவளிக்குப் பலகாரம் வரும். எல்லாம் வெளிப்படியால்தான் வரும். அவள் கீழே போனால் கூடத்து நாற்காலி வரைக்கும் வழி உண்டு. அதற்கு அப்பால், சமையல் நடக்கும் குசினிக்குள் அவளை யாரும் வா என்றதில்லை. உள்படி அந்தக் கூடத்துக்கும் குசினிக்கும் நடுவிலிருந்து ஏறும். ஏறிப் போய், மேலே பலகையில் முட்டி நின்றுவிடும். எங்கேயும் போகாத படியாகிவிட்டதால் அதன் மேல் பழைய பேப்பர்க் கட்டும் வெங்காயக் கூடையும் குடியேறியிருந்தன. அதைப் பற்றி நாகலெட்சுமி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்பதென்று கூடம் வரைக்கும் போவாள். நாற்காலியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள்.

அன்றைக்கு அவள் பேசி முடித்து லெப்டொப்பை மூடும்போது கூடத்துக் கதவு திறந்தது.

"பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"மழைக்குள்ள உப்பிடிப் படியில இருந்து கதைக்கிறீர். றோட்டால போறவை எல்லாம் பாத்துக்கொண்டு போகினம். பள்ளிக்கூடத்து ரீச்சர் எண்டு எல்லாருக்கும் தெரியும். என்ன நினைப்பினம்?"

"மருமக புருசனோட பேசுறான்னு நெனப்பாங்க மாமா."

துரைராசாவுக்கு அது பிடிக்கவில்லை. சால்வையைச் சரிசெய்துகொண்டார். "நான் ஒரு ஒழுங்கு செய்திருக்கிறன். திங்கக்கிழமை லைன் பூட்டுற ஆக்கள் வருவினம். மேலுக்குத் தனிய ஒரு லைன். அதுக்குத் தனி விலாசம் வேணுமாம். அதால வாசல் கேற்றில இன்னொரு இலக்கத் தகடு அடிக்கவேணும். பன்னிரண்டின் கீழ் ஒண்டு எண்டு. தம்பி சஞ்சயனோடையும் கதைச்சிட்டன். அவனுக்கும் ஓம்தான்."

நாகலெட்சுமி குடையை மடக்கினாள். தூறல் தலையில் விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. தனி லைன். தனித் தகடு. தனி விலாசம். வாடகைக்கு வந்தவர்களுக்கும் அதைத்தான் கொடுப்பார்கள். அந்தத் தகடு ஒரு தடவை கேட்டில் ஏறிவிட்டால் அதைக் கழற்ற இந்தப் பிறவியில் யாரும் வரப்போவதில்லை.

"எனக்கு வேணாங்க மாமா."

"ஏன் வேண்டாம்? உம்மட நன்மைக்குத்தானே செய்யிறன்."

"ஒரு வீட்டுக்கு எதுக்குங்க ரெண்டு லைன்?"

"அப்ப மேல சிக்னல் வராதே பிள்ளை!"

"வர வைக்கிறேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "திங்கட்கிழமைக்கு முதல் வந்துதெண்டால் நான் அந்த ஆக்களை வரவேண்டாம் எண்டு சொல்லுறன். வராட்டில், பிறகு கதை இல்லை."

"சரிங்க மாமா."

அவளுடைய அம்மா வீரம்மா தோட்டத்தில் மாதர் சங்கத் தலைவி. கொழுந்து நிறுவையில் அநியாயம் நடந்தால் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் தோட்டத்து ஆபீசு வாசலில் உட்கார்ந்துவிடுவாள். கத்த மாட்டாள். கல்லெறிய மாட்டாள். தோட்டத்தை நடத்தும் துரை வெளியே வரும்வரைக்கும் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இந்த வெளிப்படியில் நாகலெட்சுமி இத்தனை நாளும் உட்கார்ந்ததும் வெறும் சிக்னலுக்காக மட்டுமல்ல என்பது மாமனாருக்குப் புரிந்திருந்ததோ என்னவோ, அவளுக்கு அன்றைக்குத்தான் நன்றாகப் புரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை. துரைராசா கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தார். நாகலெட்சுமி கீழே போய், கூடத்து நாற்காலியைத் தாண்டாமல் நின்று, மாமியைக் கூப்பிட்டாள்.

"மாமி, அந்த ரவுட்டரைக் கொஞ்சம் நகர்த்திப் பாக்கலாமா?"

குணபூசணி குசினிக்குள்ளிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மெலிந்த, அதிகம் பேசாத மனுஷி. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் ஒரு மெல்லிய விசில் கேட்கும். "அவர் அதைத் தொடவேண்டாம் எண்டு சொன்னவர்," என்றாள். பிறகு வாசலைப் பார்த்தாள். "அவர் இப்ப இல்லைத்தானே. எங்க வைக்கிறது, சொல்லும்."

முதலில் அலுமாரிக்கு மேலே வைத்தார்கள். நாகலெட்சுமி வெளிப்படியால் மேலே ஓடிப் பார்த்தாள். ஒரு கோடு. இறங்கி வந்தாள். சஞ்சயன் போனில் சொன்னபடி, நிமிர்ந்து நின்ற அன்டெனாவைப் படுக்கப் போட்டாள். படுக்க வைத்தால் அலை மேலேயும் கீழேயும் பரவுமாம். ஓடினாள். ஒன்றரைக் கோடு என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்திலிருந்து அப்பால் நகர்த்தினார்கள். குளிர்சாதனப் பெட்டியிடமிருந்து விலக்கினார்கள். பின்னால் ஒரு பிஸ்கட் டின் மூடியை நிறுத்தி அலையை மேலே திருப்பப் பார்த்தார்கள். சிக்னல் திரும்பி றோட்டுப் பக்கம் போனதே தவிர மேலே வரவில்லை.

நாலைந்து தடவை ஏறி இறங்கியதில் நாகலெட்சுமிக்கு மூச்சு வாங்கியது.

"பிள்ளை, நீர் மேலயே நில்லும்," என்றாள் குணபூசணி. "இதை நான் தூக்கிக்கொண்டு நடக்கிறன். நீர் கத்தும்."

"கத்தினா கேக்காதே மாமி."

"உள்படிக்குக் கிட்ட வாரும். அந்தப் பலகையால கேக்கும்."

நாகலெட்சுமி மேலே போனாள். படுக்கையறைக்கு வெளியே, தரையில் படி வந்து திறக்க வேண்டிய இடத்தில், ஒரு பெரிய சதுரப் பலகைத் தட்டு ஆணியடித்துக் கிடந்தது. அதன்மேல் ஒரு ட்ரங்குப் பெட்டி. பெட்டியைத் தள்ளிவிட்டு முழங்காலில் உட்கார்ந்தாள். கீழே பேப்பர்க் கட்டுகள் சரியும் சத்தம். வெங்காயம் உருளும் சத்தம். மாமி நீட்டு வயரை இழுத்துக்கொண்டு, யாரும் ஏறாத அந்தப் படியில் ஒவ்வொன்றாக ஏறி வருகிறாள் என்று தெரிந்தது.

"இப்ப?"

"ஒன்னுதான் மாமி!"

"இப்ப?"

"ஒன்னுதான்!"

"கடைசிப் படிக்கு வந்திட்டன். என்ர தலை பலகையில முட்டுது. இப்பவும் ஒண்டுதானோ?"

"ஆமாங்க."

"இது என்ன மரியாதை கெட்ட சிக்னல்! மனுசி இந்த இழுப்போட ஏறி வந்து நிக்கிறன், அதுக்கு ஏறி வர ஏலாதாமோ!"

நாகலெட்சுமி வாய்விட்டுச் சிரித்தாள். கீழேயும் சிரிப்புக் கேட்டது. மாமி சிரிப்பதை அவள் அதுவரை கேட்டதே இல்லை. அந்தச் சிரிப்பு மடிக்குள் கேட்பது போல அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. அதுதான் அவளை யோசிக்க வைத்தது. குரல் இவ்வளவு லேசாகத் தாண்டி வருகிற ஒரு பலகையை, சிக்னல் ஏன் தாண்டவில்லை? மரப் பலகைக்கு அலையைத் தடுக்க ஏது பலம்?

குனிந்து பலகையைத் தடவினாள். தூசுக்கு அடியில் கறுப்பு மை எழுத்து, தலைகீழாக. கையால் துடைத்தாள். ஒரு தோட்டத்தின் பெயர் பாதி, பி.ஓ.பி. என்று தூளின் தரம். தேயிலைப் பெட்டிப் பலகை! இரண்டு பலகை சேருமிடத்தில் தலைக்கொண்டையூசியை விட்டு நெம்பினாள். இடுக்குக்குள் வெள்ளியாக ஒன்று மினுங்கியது.

அவளுடைய அப்பா செல்லசாமி தேயிலை ஸ்டோரில் இந்தப் பெட்டிகளில்தான் தூளை அடைத்தவர். காற்றும் ஈரமும் போகாதிருக்க உள்பக்கம் முழுக்க ஈயத்தாள் ஒட்டியிருக்கும். கழித்த பெட்டிகளைக் கொண்டுவந்து தொழிலாளர் லயத்து வீட்டில் நடுத்தடுப்பு அடித்திருந்தார்கள். அந்தத் தடுப்புக்குப் பின்னால் றேடியோ வேலை செய்யாது. பாட்டு வேண்டுமென்றால் அப்பா அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். வீட்டில் எல்லோரும் றேடியோவைத்தான் குற்றம் சொன்னார்கள். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தும் அவளுக்கு இது இப்போதுதான் உறைத்தது.

"என்ன பிள்ளை, சத்தத்தைக் காணேல்லை?"

"மாமி, இது தேயிலைப் பெட்டிப் பலகை. உள்ள ஈயத்தாள் இருக்கு. இது இருக்கிற வரைக்கும் நீங்க ரவுட்டரைத் தலையில வச்சிட்டு நின்னாலும் ஒன்னும் ஏறாது."

கீழே மாமி ரவுட்டரைப் படியில் வைக்கும் சத்தம் கேட்டது.

"தச்சன் தாளை உரிக்கப் போனவன். அவர்தான் தாளோட அடிக்கச் சொன்னவர். குளிருக்கு நல்லதாம்."

"அடைச்ச பிறகு உங்களுக்கு இழுப்பு குறைஞ்சிச்சா மாமி?"

"இல்லை." பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில்: "அது குளிரால வாற இழுப்பில்லை எண்டு டொக்டர் அப்பவே சொன்னவர்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போனதே அவர்தானே, பிள்ளை."

நாகலெட்சுமி பலகையின்மேல் கையை வைத்தபடி இருந்தாள். கோபம் வந்தது. ஆனால் அது பலகைக்குக் கீழே நிற்கிறவள்மேல் வரவில்லை.

"நீர் தம்பியோட கதைக்கிற நேரம் நான் கூடத்து ஜன்னலுக்குப் பக்கத்தில வந்து இருக்கிறனான்," என்றது கீழேயிருந்த குரல். "அவன்ர சிரிப்புக் கேக்கும். முகம்தான் தெரியாது. நீர் ஒருநாளும் என்னைக் கூப்பிடேல்லை."

"நீங்களும் என்னை ஒருநாளும் கூப்பிடல மாமி."

"ஓம்," என்றாள் குணபூசணி. "அதுவும் சரிதான்."

அன்று பின்னேரம் சஞ்சயனுக்கு விஷயம் தெரிந்ததும் குதித்தான். "அடடா! அவ்வளவுதானா? அப்பா நாளைக்குக் கடைத்தெருவுக்குப் போவார். நீ மேல இருந்து ஆணியைக் கழட்டி, தாளை உரிச்சு எடுத்துட்டு, பழையபடி அடிச்சிடு. யாருக்கும் தெரியாது."

"எதுக்குத் திருட்டுத்தனமா?"

"திருட்டுத்தனம் இல்ல லெட்சுமி, சமாளிக்கிறது. இல்லாட்டி அந்தத் தனி லைனை எடுத்துக்க. என்ன குறைஞ்சிடப்போகுது?"

"உங்க வீட்டுக்கு நான் வந்தது சமாளிக்கவா? அப்பா தனி விலாசம்னாரு, நீங்களும் ஓம்னுட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தாள். இல்லை; அவன்தான் அசையாமல் இருந்தான்.

"கேட்டிருக்கணும்," என்றான் கடைசியில். "என்ன செய்யப் போற?"

"முன்வாசலால போய்ப் பேசப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை துரைராசா கூடத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். நாகலெட்சுமி தலை குளித்து, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கையில் ஆணி பிடுங்கும் குறட்டோடு வெளிப்படியால் இறங்கி வந்தாள். குணபூசணி குசினி வாசலில் வந்து நின்றாள்.

"என்ன பிள்ளை, சிக்னல் ஏறிச்சுதோ?" கண்ணாடிக்கு மேலால் பார்த்துக் கேட்டார். குரலில் ஒரு சின்னக் குஷி இருந்தது.

"ஏறல மாமா. ஏன் ஏறலன்னு கண்டுபிடிச்சிட்டேன். தளத்தால ஏறாது. ஏறக்கூடிய ஒரே இடம் அந்தப் படி. அத ஈயத்தாள் ஒட்டின பலகையால அடைச்சிருக்கு. அலை அதைத் தாண்டாது."

அவர் பேப்பரை மடித்தார். படித்த மனிதர், ஒரு தடவை சொன்னால் போதும். எழுந்து படியடிக்குப் போய் மேலே அண்ணாந்து பார்த்தார். பேப்பர்க் கட்டுகள் சரிந்து கிடந்ததையும் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"உண்மைதான்," என்றார். "நான் அதை யோசிக்கேல்லை." திரும்பி வந்து உட்காரும்போது முகம் தெளிந்திருந்தது. "அப்ப சுகமான வேலை. தச்சனைக் கூப்பிட்டுப் பலகையைக் கழட்டி, தாளை உரிச்சுப்போட்டு, திருப்பி அடிச்சுவிடச் சொல்லுறன். உமக்கும் சிக்னல் வரும். லைன்காரரை நான் வரவேண்டாம் எண்டு சொல்லுறன். சொன்ன சொல்லு சொன்னதுதான். நீர் வெண்டிட்டீர்."

வென்றுவிட்டாள். இனி தகடு இல்லை. தனி லைன் இல்லை. மேலே படுக்கையில் சாய்ந்துகொண்டே புருஷனோடு பேசலாம். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிப் போனால் எல்லோருக்கும் நிம்மதி. இரண்டு வருஷமாகச் செய்து பழகியதும் அதுதான். வாசலைப் பார்த்துக் கால்கூடத் திரும்பிவிட்டது.

"பலகை திரும்ப வேணுமாங்க மாமா?"

"பின்ன? மாமிக்கு இழுப்பு."

"எனக்குக் குளிரால வாற இழுப்பில்லை," என்றாள் குணபூசணி குசினி வாசலிலிருந்து. "உங்களுக்கும் தெரியும்."

துரைராசா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துடைத்ததையே துடைத்தார்.

நாகலெட்சுமி கூடத்து நாற்காலியைத் தாண்டி நடந்தாள். அவருக்கு முன்னால் இருந்த சின்ன மேசையில் குறட்டை வைத்தாள்.

"உங்களுக்குத் தெரியாமலே இந்த ஆணியை நான் கழட்டியிருக்கலாம் மாமா. உங்க மகன் கழட்டச் சொன்னாரு. நான் தொடல. தாளை உரிச்சிட்டுப் பலகையை அடிச்சா சிக்னல் மட்டும் ஏறும், இறங்கும். நான் மழையில வெளியால சுத்திக்கிட்டுத்தான் இருக்கணும். நான் சிக்னலுக்காக வரல. கல்யாணமாகி வந்த அன்னைக்கே கேட்டிருக்கணும், வாய் வரல, இப்ப கேக்குறேன். அந்தப் படியைத் திறந்து விடுங்க மாமா. அடைக்கச் சொன்ன நீங்களே உங்க கையால திறந்து விடுங்க. நான் இந்த வீட்டுக்குள்ளாலயே இறங்கி வரணும்."